கீழறைக் கூரையின் ஈரம்

1

இந்தக் கதை ஒரு கத்திரிச் செடியோடு எனக்கு வந்தது. கரமனையில் வீட்டுத்தோட்டக் குழு நடத்தும் பிந்துவிடம் அதை வாங்கியபோது, காய்த்துக்கொண்டிருக்கும் செடியை யார் கொடுத்துவிட்டார்கள் என்று கேட்டேன். அவள் சொன்னது கொஞ்சம். மீதி என்னுடையது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மாசி இளவெயிலில் கரமனை ஆற்றங்கரையெல்லாம் பூத்துக் குலுங்க,

(அங்கேயே நிறுத்திவிட்டேன். அந்தச் செடியை வளர்த்த ஆஷா அந்த மாசியில் பூ எதையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.)

2

ஐப்பசியில் ஆஷாவுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. கணவன் வினய் காலையில் ஆபீஸ் போனால் இருட்டித்தான் திரும்புவான். மேசைமேல் மூடிவைத்துவிட்டுப் போன சாப்பாடு அப்படியே இருக்கும்.

பிந்து வீடுவீடாக விதை கொடுத்துக்கொண்டு வந்த நாளில் ஆஷா எழுந்துபோய்க் கதவைத் திறந்தது ஏனென்று தெரியவில்லை. சித்திரை பிறக்கும் விஷுவன்று கனித்தட்டில் வைக்க வெள்ளரி வேண்டுமானால் இப்போதே விதைக்க வேண்டும் என்று பிந்து கையில் விதையைத் திணித்தாள். மறுப்பதற்குக்கூட வலுவில்லாமல் ஆஷா வாங்கிக்கொண்டாள்.

சமையலறைக் கதவைத் திறந்தால் சின்ன மொட்டைமாடி. முதலில் ஒரு பை மண். பிறகு வெண்டை, பயறு, கத்திரி என்று மாடி நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவினர் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள், அவளும் போனாள். குழந்தையைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. இலைச் சுருட்டலைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு காலை அவள் தட்டு போட்டுச் சாப்பிடுவதைப் பார்த்த வினய், செருப்பை மாட்டிய காலோடு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

3

மாடிக்கு நேர்கீழே பொன்னம்மையின் அறை. நாகர்கோவில் பக்கத்துக்காரி, தனியாள், ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள், ஆஷாவை ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவாள். ஆஷா முதல் பயற்றங்காயை அவளுக்குத்தான் கொண்டுபோனாள். கட்டிலில் உட்கார்ந்தபோது தற்செயலாக மேலே பார்த்தாள். கூரையில் பழுப்பாக ஈரம் பரவி, காரை லேசாக உப்பியிருந்தது. பொன்னம்மை தையலில் குனிந்திருந்தாள்.

ஆஷா சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

(முதல் வரைவில் அவள் மேலே பார்க்கவே இல்லை என்று எழுதினேன். அது அவள்மேல் எனக்கிருந்த இரக்கம். ஆனால் மறுநாளே அவள் கூரை ஈரத்தைப் பற்றிப் பிந்துவிடம் கேட்டிருக்கிறாள். “பழைய வீடில்லே, எல்லாடத்தும் உள்ளதுதான். பின்னே பார்க்கலாம்” என்று தான் சொன்னதாகப் பிந்துவே ஒப்புக்கொண்டாள். ஆக, ஆஷா பார்த்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

சொன்னால் செடிப் பைகளை எடுக்கவேண்டி வரும். எடுத்தால் காலையில் எழுந்திருக்க என்ன இருக்கிறது? விஷு முடியட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

4

விஷுவுக்கு முன்பே கோடைமழை வந்தது. பைகள் நீரைக் குடித்துக் கனத்தன. மழை விட்ட மதியத்தில் கீழே ஏதோ இடிந்த சத்தம். ஆஷா ஓடினாள். பொன்னம்மை கட்டிலில் கிடந்தாள். வலது தோளின்மேல் காரைக்கட்டி. முகமெல்லாம் சுண்ணாம்பு.

“பதறாத மக்களே,” என்றாள். “மேல ஒனக்க செடிக்கு ஒண்ணும் ஆவலயே?”

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் வினய் சமாதானம் சொன்னான். “வீட்டுக்காரர்தானே கூரையைக் கவனிச்சிருக்கணும், நோக்குத் தெரியுமா என்ன?” என்றான். ஆஷா ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

5

அடுத்த ஞாயிறு குழுவினர் செடிகளை எடுத்துப்போக வந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு படியேறினார்கள். ஆனால் செடிகள் அவ்வளவு செழிப்பாக இருந்தன. என்ன உரம் போட்டாய் என்று ஒருத்தி கேட்டாள். ஆஷா சொன்னாள். பழுக்காத வெள்ளரியோடு கொடியை இருவர் பக்குவமாகப் பிடித்து இறக்கினார்கள். கீழே போனதும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

(இங்கே வெறும் மாடியைப் பற்றி ஒரு நீண்ட பத்தி இருந்தது. மாடி வெறுமையாக இருந்தது என்றாலே போதும்.)

அன்று மாலை வினய் வெளியே போய் வந்தபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

6

பொன்னம்மையின் கை இனித் தோளுக்குமேல் எழும்பாது என்றார் டாக்டர். தையல் போயிற்று. மறுநாள் காலை எழுந்திருக்க ஆஷாவுக்கு ஒரு காரணம் கிடைத்தது, அது இதுதான். சாப்பாடு கொண்டுபோகிறாள், தலை பின்னிவிடுகிறாள். பார்க்க வருகிறவர்கள் மாடித்தோட்டத்தைப் பற்றி ஏதாவது இழுத்தால் பொன்னம்மை விடுவதில்லை.

“இவளுக்குத் தெரிஞ்சிருந்தா அண்ணைக்கே எங்கிட்ட சொல்லியிருப்பா,” என்கிறாள்.

நான் எழுதிய ஒரு முடிவில் ஆஷா ஈரத்தைப் பார்த்ததைச் சொல்லிவிடுகிறாள், பொன்னம்மை மன்னித்துவிடுகிறாள். எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதனாலேயே கிழித்தேன். இன்னொன்றில் ஆஷா சொல்வதேயில்லை, வருடக்கணக்காகத் தலை பின்னுகிறாள். அதை முடிக்க என்னால் ஆகவில்லை. பிந்துவைக் கேட்டேன். தெரியாது என்றாள், தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது என்றாள்.

என்னால் கொண்டுவர முடிந்தது இதுவரைதான். காலை நேரம். பொன்னம்மை கீழே உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் கட்டிலில் ஆஷா, கையில் பாதி பின்னிய சடை.

“அக்கா.”

“என்ன மக்களே?”

அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். ஆனால் சீக்கிரம். பொன்னம்மை திரும்பிப் பார்க்கிறாள்.