நூற்றெட்டுச் சுற்று

1

இந்தக் கதை எனக்குத் திடீரென்று தோன்றியதல்ல. சம்பளம் வாங்கிய நாளெல்லாம் ஞாபகத்துக்கு வந்து தொந்தரவு செய்தது. எழுதினால் விட்டுத் தொலையுமா என்று பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: "1979, ஆடி மாதம். சங்கரன்கோவில் வானத்தில் மேகங்கள்…" வேண்டாம். அன்று வானத்தைப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

இரண்டாவது: முப்பிடாதி காலையில் விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சிகளில் நூல் சுற்றினாள். மதியம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊராருக்கு மனு அடித்துக் கொடுத்தாள். எல்லாம் டைப்பிங் ஹையர் பரீட்சைக்குப் பணம் கட்டத்தான். இது பரவாயில்லை, இருக்கட்டும்.

2

அவள் பக்கத்து வீட்டு சுந்தரம்மாள், மகனுக்கு நெசவாளர் சங்கத்தில் கிளார்க் வேலை கிடைக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் கோமதி அம்மன் கோவிலை நூற்றெட்டு முறை சுற்றவேண்டும். முட்டுவலி விடவில்லை. முப்பிடாதியிடம் கூலி பேசினாள்.

"ஏட்டி, எனக்குப் பதிலா நீ சுத்திரு. ஒவ்வொரு சுத்துக்கும் எம் மவன் பேரைச் சொல்லணும், கேட்டியா?"

"சொல்லுதேன் பெரியம்மை."

சங்கத்தில் காலியாக இருந்தது ஒரே இடம். அதற்கு முப்பிடாதியும் மனுப் போட்டிருந்தாள்.

[இங்கே "பாவம், இரண்டும் ஒரே வேலை என்று அவளுக்குத் தெரியாது" என்று எழுதி அடித்துவிட்டேன். தெரியும். மகனின் மனுவை டைப் அடித்ததே அவள்தான். அவன் தப்பாக எழுதியிருந்த மார்க்கைக்கூடக் கேட்டுத் திருத்தினாள்.]

3

மகன், மகன் என்று எத்தனை நேரம் ஒளிந்துகொள்வது? அந்த மகன் நான்தான்; பெயர் சங்கரசுப்பு.

சாயங்காலம் கோவிலுக்குப் போனேன். வேர்த்து விறுவிறுத்து வந்துகொண்டிருந்தாள்.

"எத்தனை ஆச்சு முப்பிடாதி?"

"நூறு ஆச்சுண்ணே. இன்னும் எட்டுதான்."

"கால் வலிக்கலையா?"

"வலிக்கத்தான் செய்யுது. கூலி வாங்கியாச்சுல்லா."

'போதும், வீட்டுக்குப் போ' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அந்த எட்டுச் சுற்றும் எனக்கு வேண்டியிருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

4

முடிவு ஒன்று: கடைசி எட்டுச் சுற்றில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டாள். (அப்படியானால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு இரண்டு: எட்டையும் எனக்காகவே சுற்றினாள். (அவளைத் தெய்வமாக்கிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளும் வழி இது.)

முடிவு மூன்று: அவள் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து,

இல்லை. அவள் பார்க்கவே இல்லை.

வேலை எனக்குத்தான் கிடைத்தது. அவள் ஹையர் பாஸ் செய்து மதுரைக்குப் போய்விட்டாள். எந்தப் பெயரைச் சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே நீங்கள்தான் சொல்லவேண்டும். ஒரு வேலைக்காக நீங்கள் ஏங்கிய வயதை நினைத்துக்கொண்டு, "சங்கரசுப்பு, சங்கரசுப்பு" என்று நூற்றெட்டு முறை சொல்லிப் பாருங்கள். எத்தனையாவது முறையில் உங்கள் பெயர் வாயில் வந்தது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.