வைக்கவிடாத மெட்டு

அப்பா போய் இருபத்து மூன்று நாட்கள். அவருடைய சட்டைகளை யாருக்காவது கொடுக்கலாம் என்று அம்மா மடித்துக்கொண்டிருந்தாள். நான் அறுந்த பொத்தான்களைத் தைத்தேன். மூன்றாவது சட்டையில் அம்மா ஏதோ முணுமுணுத்தாள். மெட்டு பிடிபட்டதும் என் ஊசி நின்றது.

"என்னம்மா பாட்டு அது?" என்றாள் அக்கா.

"தெரியலடி. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டப்போ ஓடுச்சு. நாக்குலயே ஒட்டிக்கிச்சு."

அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தபோது, அவருடைய மருந்துச் சீட்டில் இருந்த எண்ணைத்தான் அம்மா அழைத்தாள். அது மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்கும் எண். போனைக் காதில் வைத்தபடி பதினான்கு நிமிடம் நின்றாள்.

"எதிர் வீட்டுல கார் நிக்குது. போனை வச்சிட்டு ஒரு குரல் கொடுத்திருந்தா..." அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லக்கூடாது என்று தினமும் நினைக்கிறாள், தினமும் சொல்லிவிடுகிறாள்.

அம்மா இந்த நாட்களில் பாதியாகிவிட்டாள். தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள்.

"நான்தான்டி அவரைக் கொன்னுட்டேன்," என்றாள். "வைக்கணும்னு தோணவே இல்லையே. அந்தப் பாட்டு பதட்டத்தையெல்லாம் அமுக்கிடுச்சு. இதோ முடியப்போகுது, முடிஞ்சதும் எடுத்துடுவாங்கன்னு... ஒவ்வொரு தடவையும் முடியற மாதிரியே வந்துச்சு."

தொலைபேசியில் காத்திருப்பவர்களுக்கு இசை செய்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. அந்த மருத்துவமனையின் பழைய இசையில் நிமிடத்துக்கு நூற்றிருபது தட்டு. பாதிப் பேர் ஒரு நிமிடத்துக்குள் போனை வைத்துவிட்டார்கள். புதியதில் அறுபது. தாள வாத்தியம் இல்லை, கூர்மையான ஒலி இல்லை. கடைசி வரி ஆதார சுரத்துக்கு இறங்கப்போய், ஒரு படி மேலேயே நின்று, முதலுக்குத் திரும்பும். அந்த ஒரு படிக்காக மனம் காத்திருக்கும். சோதனையில் பத்தில் எட்டுப் பேர் ஐந்து நிமிடம் தாண்டியும் வைக்கவில்லை. அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

"ஏ ஊமச்சி," என்று அக்கா என் பக்கம் திரும்பினாள். "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? அம்மா மேல தப்பில்லன்னு நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்."

அம்மா அடுத்த சட்டையை எடுத்தாள். அவளை அறியாமலே மறுபடி முணுமுணுத்தாள். கடைசி வரியில், அந்த ஒரு படி மேலேயே நின்றாள்.

"உன் மேல தப்பில்லம்மா," என்றேன். ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு மறுபடி சொன்னேன். "உன் மேல தப்பில்ல. யாருக்கும் வைக்கத் தோணக் கூடாதுன்னுதான் அந்த மெட்டைப் போட்டது. போட்டது நான்."