பல் டாக்டர் பூசிய துரு

புதுசாக இருக்கும் எதையும் இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண்ணில் காட்ட முடிவதில்லை. புதுக் கால்சட்டையை வாங்கும்போதே முட்டியில் கிழித்து வாங்குகிறார்கள். புது மேஜையைச் சங்கிலியால் அடித்துப் பழசாக்கி நடுக்கூடத்தில் போடுகிறார்கள். கேட்டால் ரசனையாம். லாரிக்காரருக்கு இதெல்லாம் பொய் சொல்லப் பழகுவதாகவே பட்டது.

அவருடைய மருமகன் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். ஆள் பல் டாக்டர். பகல் முழுக்க ஊரார் பல்லில் இருக்கும் கறையைச் சுரண்டி எடுப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, விரல் நீளக் கூரைகளுக்குக் கறை பூசுவார். பின்னறையில் கட்டில் அகலத்துக்கு ஒரு மேஜை. அதன்மேல் பொம்மை ரயில், ஒரு ஸ்டேஷன், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு.

லாரிக்காரர் ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவர். பள்ளிக்கூட வாசலைவிடச் சோதனைச்சாவடி வாசல்களில் நின்றதுதான் அதிகம். எவனையும் நம்பமாட்டார். நம்பாததால்தான் இன்னும் உயிரோடு இருப்பதாக நம்பினார்.

போன மழைக்காலத்தில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைப் பார்த்துவிட்டாள் மகள். வாளி ததும்பத் ததும்பத் தண்ணீர். "கூரையை மாத்துங்க. இல்லேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அவள் வீட்டில் அவருக்கு ஒதுக்கக்கூடிய இடம் ரயில் மேஜை இருக்கும் பின்னறை ஒன்றுதான். மேஜையைக் கழற்றினால்தான் அங்கே கட்டில் நுழையும்.

மழை விட்டதும் லாரிக்காரர் "மாத்தியாச்சு" என்றார். மாற்றவில்லை. லாரியை விற்றபோது மிஞ்சிய நீலத் தார்ப்பாயை ஓட்டைத் தகரத்தின்மேல் விரித்து, கயிற்றை இழுத்துக் கட்டி, பறக்காமல் இருக்க இரண்டு பழைய டயரைத் தூக்கி வைத்துவிட்டார். வீட்டின் முன்சுவர் உயரம். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கூரையை எவன் மேலேயிருந்து பார்க்கப் போகிறான்?

பல் டாக்டர் பார்த்தார்.

"மாமா, இது உங்க தெருதான். ஸ்டேஷன் நடைமேம்பாலத்துல ஏறி எடுத்தேன்" என்று ஒரு பெரிய படத்தை மேஜையில் விரித்தார். "ஸ்டேஷனுக்குப் பின்னால இதையே வைக்கப் போறேன், எது எது என்ன கூரைன்னு மட்டும் சொல்லுங்க. பொம்மை ஊரை ஆளுங்க மேலேருந்துதானே பார்ப்பாங்க? சுவரை யார் பார்க்கறா? கூரைதான் மூஞ்சி."

படத்தில் இருந்த நீலத்தைக் கண்டதும் லாரிக்காரர் எழுந்து போகப் பார்த்தார். ஆனாலும் அடுத்தவன் வீட்டைப் பற்றிக் கருத்துக் கேட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் ஆகாது.

"இது தையல்காரன் வீடு. சிமெண்ட் ஷீட்டு. வெள்ளையா அடிச்சிடாதீங்க மாப்ளே. அவன் சட்டைக் காலர் மாதிரி கறுத்துக் கெடக்கும்."

"இது ஓடா?"

"ஓடுதான். ஹெட்மாஸ்டர் வீடு. பாதி பழைய ஓடு, பாதி புதுசு. மீசைக்கு மை அடிச்சிட்டுத் தலையை மறந்துட்ட மாதிரி."

"இந்தக் கறுப்பு?"

"கம்பவுண்டர் வீட்டு மொட்டை மாடி. ஒவ்வொரு மழைக்கும் ஒரு கை தார் ஊத்துவான். வீட்டு மேல ரோடே போட்டுட்டான்."

பல் டாக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். "கடைசியா உங்க வீடு. நடுவுல நீலமா ஏதோ தெரியுதே?"

லாரிக்காரர் தொண்டையைச் செருமினார். "புதுத் தகரமில்லையா? பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கும். வானம் தெரியுது."

பல் டாக்டர் படத்தைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். பிறகு அறையின் நீள அகலத்தை ஒருமுறை கண்ணால் அளந்துகொண்டார்.

"வானம்தான்" என்றார்.

அடுத்த வாரம் லாரிக்காரர் போனபோது தெரு முழுக்க வண்ணம் ஏறியிருந்தது. தையல்காரன் கூரையில் பச்சையும் கறுப்புமாகப் பாசி. சைக்கிள் கடைத் தகரத்தில் ஒவ்வொரு ஆணித் தலையிலிருந்தும் ஒரு துருக்கோடு சரிவில் இறங்கியிருந்தது. பல் குடையும் கம்பியால் இழுத்த கோடு. எல்லாவற்றின்மேலும் சாக்பீஸ் தூளை ஊதித் தூசு படிய வைத்திருந்தார். அந்த அழுக்கு வரிசைக்கு நடுவில் லாரிக்காரர் வீட்டுக் கூரை மட்டும் வெள்ளித் தட்டுப் போல மின்னிற்று.

டீ கொண்டுவந்த மகள் குனிந்தாள்.

"இது யாரு வீடு, இப்படிப் பல்லை இளிக்குது?"

"உங்கப்பா வீடு" என்றார் பல் டாக்டர்.

"புதுசு அப்படித்தான் இருக்கும்" என்றார் லாரிக்காரர்.

"போட்டு இத்தனை மாசமாச்சு, ஒரு தூசுகூடவா விழல? ரயில் கிளப்பற புழுதியெல்லாம் உங்க வீட்டைச் சுத்திக்கிட்டுப் போகுதாப்பா?"

பல் டாக்டர் அவசரமாகத் தூரிகையை எடுத்தார். "நானே நெனச்சேன். கொஞ்சம் துரு வெச்சிடலாம். எவ்வளவு வைக்கட்டும் மாமா?"

"ஒரு மழைக்கு உண்டான துரு போதும்."

"ஒரு மழைக்குத் துரு வராது. அழுக்குதான் வரும்."

"அப்போ அழுக்கு போடுங்க."

"ஆணிகிட்ட மட்டும் லேசா..."

"நம்ம ஆணி துரு பிடிக்கற ஆணி இல்ல."

மகள் கையை நீட்டினாள். "அந்தப் படத்தை எடுங்க." பார்த்தாள். "இந்த நீலம் என்ன?"

"வானம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"படத்துல ஒரு நிழலைக் காணோம். ஊருக்கெல்லாம் மூட்டம், எங்கப்பா கூரைக்கு மட்டும் நீல வானமா? வானத்து மேல ரெண்டு டயர் வேற."

பொம்மை ரயில் ஒரு சுற்றுச் சுற்றி ஸ்டேஷனில் நின்றது.

"நல்ல டயர்" என்றார் லாரிக்காரர்.

மகள் புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியும்."

"சந்தேகம் இருந்துச்சு."

"சந்தேகம்னாலே பல்லைப் பிடுங்கற ஆளு நீங்க. கூரையை மட்டும் எப்படி விட்டீங்க? மேஜை போயிடும்னா?"

பல் டாக்டர் தூரிகையைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

லாரிக்காரர் தரையைப் பார்த்துப் பேசினார். "நான் இங்க வரலம்மா. வந்தா விடிஞ்சதும் நான் யாரைத் திட்டுவேன்? அங்கேன்னா கதவைத் திறந்தாப் போதும், தையல்காரன் இருக்கான்."

அவள் படத்தை மேஜைமேல் வைத்தாள். பிறகு, "உள்ளதைப் போடுங்க" என்றாள் புருஷனிடம்.

பல் டாக்டர் வெள்ளியின்மேல் பழுப்பை நீர்க்கக் கரைத்துப் பூசினார். காய்ந்ததும் ஓரத்திலும் ஆணிகளிலும் துருவைக் கனமாக வைத்தார். நோயாளிகளைப் பார்க்கும்போது மாட்டும் நீல ரப்பர் கையுறையில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினார். கறுப்பு ரப்பர் குழாயில் இரண்டு வளையம் சீவி மேலே வைத்தார். நூலை எடுத்ததும் லாரிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"கயிறு அப்படிப் போகாது மாப்ளே. குறுக்கே போட்டு இழுக்கணும்."

மேலேயிருந்து மூவரும் பார்த்தார்கள். வரிசையில் அதுதான் நிஜ வீடு மாதிரி இருந்தது. அதுதான் மகளுக்குப் பொறுக்கவில்லை.

"மழைக்கு முன்னாடி புதுத் தகரம் ஏறணும். நீங்களே கூட நின்னு போட வைக்கணும்" என்றாள் புருஷனிடம். "ஏறலேன்னா இந்த மேஜை வெளிய, அப்பா கட்டில் உள்ள."

"நாளைக்கே ஆளைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் பல் டாக்டர். யாருக்கும் அவர் அவ்வளவு சீக்கிரம் தேதி கொடுத்ததில்லை.

"தார்ப்பாய்க்கு என்ன கொறைச்சல்?" என்றார் லாரிக்காரர். "அதே பாயைப் போட்டுக்கிட்டு அடைமழையில சர்க்கரை மூட்டை ஏத்திட்டு மலை ஏறியிருக்கேன். ஒரு மூட்டை நனையல."

"சர்க்கரை ஒரு ராத்திரி இருந்துச்சு. நீங்க வருஷம் பூரா இருக்கீங்க."

லாரிக்காரர் டீயைக் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தன் வீட்டு எதிரில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். சுவர்தான் தெரிந்தது. நாலடி பின்னால் போய்ப் பார்த்தார். அப்போதும் சுவர்தான். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஜனங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஒருவரும் கூரைப் பக்கம் திரும்பவில்லை.

"எவன் பார்க்கறான்?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போகாமல் தையல்காரன் கடையைப் பார்த்து நடந்தார்.