அவருக்குத் தெரியாத மொழி

சாப்பாட்டு மேசையில் இரண்டு நாற்காலிகள் ஒட்டிக் கிடந்தன. ஒன்றில் அவள் கணவர், மற்றதில் அவருடைய தங்கை. மடிக்கணினியின் வெளிச்சம் இரண்டு முகங்களிலும் பாரபட்சமில்லாமல் விழுந்திருந்தது. சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புரோகிராம் எழுத முதல்ல எந்த லாங்குவேஜ்ங்கிறதுதான் முக்கியம் குட்டி" என்றார் கணவர். "நான் சி-ல ஆரம்பிச்சேன். பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"அப்ப அதை என் தலையில கட்டாத. என் கூடப் படிச்சவ ஜாவாங்கிறா."

"அவ சொல்லுவா. ஒத்தை வரி திரையில வரணும்னா அரைப் பக்கம் எழுதணும் அதுல. பைதான் எடு. நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல. கல்யாணமான புதிதில் அவர் இவளிடம் அடிக்கடி சொன்ன வாக்கியம். எப்போது நின்றது என்று யோசித்தாள். பிடிபடவில்லை.

"எது சுலபமோ அதுல ஆரம்பிக்க வேண்டியதுதானே" என்று வாசலிலிருந்தே சொன்னாள்.

கணவர் திரும்பிப் பார்த்தார். "அது அப்படி இல்லம்மா. உனக்குப் புரியாது."

கோபமாகச் சொல்லவில்லை. தரை ஈரமாயிருக்கு, பார்த்து வா என்பது போலத்தான் சொன்னார். அதனால்தான் அது உள்ளே போய்த் தங்கிவிட்டது.

நாத்தனார் படிப்பை முடித்து, வேலை தேடுவதற்காக இவர்களோடு தங்க வந்திருந்தாள். அதுவரை மாலையில் அந்த நாற்காலி இவளுடையது. ஸ்கேன் மையத்தில் வரவேற்பு மேசையில் இவளுக்கு வேலை. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, முறை வருவதற்குள் நெளிகிறவர்களைப் பற்றி இவள் நடித்துக் காட்டுவாள். அவர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். இப்போது சொன்னால் "ம்" என்றார். அந்த "ம்" திரையைப் பார்த்து வந்தது.

அவர் பக்கத்தில் இருப்பது வேறொரு பெண்ணாக இருந்திருந்தால் அழலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம், நாலு பேர் பரிந்து பேசவும் வருவார்கள். கணவரின் கூடப் பிறந்த தங்கை மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது? கேட்கிறவர்கள் இவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவளே தன்னை அப்படித்தான் பார்த்தாள். ஆனாலும் கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்துகொண்டது.

ஸ்கேன் மையத்தில் பிரிண்டரைச் சரிசெய்ய வந்த கம்ப்யூட்டர்காரரிடம் விசாரித்தாள்.

"புரோகிராமிங் கத்துக்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்?"

பிரிண்டருக்குள் கையை விட்டிருந்தவர் நிமிர்ந்தார். "எதுக்குக் கேக்குறீங்க? வேலைக்கா, ஆசைக்கா?"

பொறாமைக்கு என்று சொல்ல முடியுமா? "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாததா இருக்கணும்" என்றாள்.

"இந்த மாதிரி யாரும் கேட்டதில்லைங்க." அவர் மூக்கைச் சொறிய, மூக்கில் மை ஒட்டிக்கொண்டது. "சரி, அவருக்கு என்னதான் தெரியாது?"

அவளுக்குத் தெரியும். தங்கையிடம் பெருமை அடித்துக்கொண்டபோது அவரே சொல்லியிருந்தார்: எல்லா லாங்குவேஜையும் தொட்டுப் பாத்திருக்கேன், ரூபி மட்டும் தொட்டதில்ல.

அப்படித்தான் அவள் முதல் மொழியைத் தேர்ந்தெடுத்தாள்.

பரணில் கிடந்த பழைய மடிக்கணினியை எடுத்துத் துடைத்தாள். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இணையத்தில் ரூபி பாடம் ஒன்றைத் திறந்தாள். கேட்டால் துணி மடிக்கிறேன் என்று சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. அதுவும் வலித்தது.

தன் பெயரைக் காட்டச் சொன்னாள், திரை காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னாள், கூட்டியது. சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்கிற ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. சில சமயம் கூடத்துச் சிரிப்பு காதில் விழாமலே போனது. அதைக் கவனித்தபோது அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பொறாமையையும் விட்டுவிட்டால் அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

சொந்தமாக ஒன்று எழுத ஆரம்பித்தாள். இன்று பாத்திரம் கழுவப் போவது யார் என்று சீட்டுக் குலுக்குவது போல ஒரு பெயரை எடுத்துத் தரும் புரோகிராம். எழுதி ஓட்டினால் பிழை. அதுவும் கடைசி வரிக்குக் கீழே, அவள் எதுவுமே எழுதாத இடத்தில் பிழை என்றது. எழுதாத இடத்தில் எப்படித் தப்பு வரும்? திரும்பத் திரும்பப் பார்த்தாள். கூடத்துக்கு ஓர் எட்டு எடுத்து வைத்தால் கேட்டுவிடலாம். செத்தாலும் கேட்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்தாள். "அண்ணி, சார்ஜர் இங்க இருக்கா? அட, இது என்ன?"

இவள் மூடுவதற்குள் நாத்தனார் கட்டிலில் ஏறிவிட்டாள்.

"ரூபி" என்றாள் இவள், திருட்டுப் பொருளின் பெயரைச் சொல்வது போல.

"எங்க பைதான்ல இந்த 'எண்ட்' எல்லாம் இல்ல. வரியை உள்ள தள்ளி எழுதினாலே போதும்."

எங்க பைதான். இவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாத்தனார் சிவப்பில் வந்திருந்த பிழை வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "எதையோ திறந்துட்டு மூடாம விட்டுட்டீங்க போல."

இவளுக்குச் சட்டென்று உறைத்தது. ஒவ்வொரு பகுதியையும் முடிக்க 'எண்ட்' என்று எழுத வேண்டும். இரண்டு பகுதிகளைத் திறந்து ஒன்றைத்தான் முடித்திருந்தாள். எழுதாததுதான் தப்பு. சேர்த்து ஓட்டினாள். திரையில் 'குட்டி' என்று வந்தது. மறுபடி ஓட்டினாள். கணவரின் பெயர் வந்தது.

"அண்ணி," நாத்தனார் கண்ணைச் சுருக்கினாள், "இதுல உங்க பேரே இல்லையே."

"மறந்துட்டேன்."

"நல்லா மறந்தீங்க." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "அண்ணன் சொல்லித் தந்தானா?"

"அவருக்கு இது தெரியாது."

"குடுத்து வெச்சவங்க." நாத்தனார் தலையணையை மடியில் இழுத்துக்கொண்டாள். "நான் ஒரு தப்புப் பண்ணினா ஒரு பெருமூச்சு விடுவான் பாருங்க, நம்ம ஆயுசே குறைஞ்சுடும். அது வராம இருக்கத்தான் நான் ஏதாவது ஜோக் அடிச்சுட்டே இருக்கேன். எனக்கும் இதையே சொல்லிக் குடுங்களேன்."

இத்தனை நாளும் இவள் பொறாமைப்பட்ட சிரிப்பு அதுதானா? இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவும் செய்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று முந்திக்கொண்டது. இதையும் கேட்கிறாளே. திரையைத் தன் பக்கம் சற்றே திருப்பிக்கொண்டாள்.

"குட்டி, சார்ஜர் எடுக்கப் போனியா, செய்யப் போனியா?" என்றபடி கணவர் வாசலில் வந்து நின்றார். கட்டிலில் இரண்டு தலைகள் ஒரு திரைக்கு முன்னால். உட்கார இடமில்லை. "என்ன இது?"

"அண்ணி ரூபி கத்துக்கறாங்க."

"ரூபியா?" அவர் எட்டிப் பார்த்தார். பார்த்ததில் பாதி புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லையே."

"பைதான்ல ஆரம்பிச்சிருந்தா நானே சொல்லித் தந்திருப்பேன்ல?"

உங்களுக்குப் புரியாது என்ற வார்த்தை அவள் நுனி நாக்குக்கு வந்து நின்றது. சொல்லவில்லை. நாளைக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டாள். பதிலுக்குப் புரோகிராமை ஒருமுறை ஓட்டினாள்.

"இன்னிக்குப் பாத்திரம் நீங்கதாங்க" என்றாள். "நான் சொல்லல, அது சொல்லுது."

நாத்தனார் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். கணவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சமையலறைக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது. ஈரக் கையோடு அவர் மறுபடி வாசலுக்கு வந்து நின்றார். இவர்கள் இருவரையும் பார்த்தார்.

அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அதற்குள்ளேயே இத்தனை நாள் குடியிருந்தவள் அவள்.

கொஞ்சம் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டிருக்கலாம். விடத்தான் போகிறாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இப்போதே இல்லை. "இங்க பாரு குட்டி" என்று நாத்தனார் பக்கம் திரையைத் திருப்பினாள், "திறந்தா மூடணும், அதுதான் முதல் பாடம்." அவர் காதில் விழும்படியாகவே சொன்னாள்.