கேம் பெட்டிக்கு ஒரு கம்பளிச் சட்டை

நெய்யாஃபூ என்ற தீவுத் துறைமுகத்தில் கெலெப்பியின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கப்பலிலிருந்து எந்தச் சரக்கு முதலில் இறங்க வேண்டும் என்று அவன்தான் சொல்வான். அப்பேர்ப்பட்டவன் இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்து, டிவி மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, கேம் பெட்டியின் வயரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு ஒரு நாள் என் மானத்தக் காப்பாத்து. நாளைக்கு நீ எக்கேடு வேணா கெட்டுப் போ."

நாளை ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீவில் தேவாலய மணியைத் தவிர எதுவும் அசையாது. கேம் பெட்டியைத் தொட்டால் பாதிரியார் காது வரை சேதி போய்விடும். அதனால் அவனுக்கும் லவீனியாவுக்கும் சனிக்கிழமை நாலு மணி ஒன்றுதான்.

லவீனியா அவன் மனைவி. ஏழு மாதமாக ஆஸ்திரேலியாவில் ஒரு தக்காளிப் பண்ணையில் வேலை. பண்ணை விடுதியில் பையன்கள் சேர்ந்து வாங்கிப் போட்ட கேம் பெட்டி ஒன்று இருந்தது. வாரத்தில் ஒரு மணி நேரம் அதை அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். அவள் அங்கே, இவன் இங்கே, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு திரையில் ஒரே ரோட்டில் கார் ஓட்டுவார்கள்.

ஏன், போன் இல்லையா என்றால், இருக்கிறது. போனில் இரண்டு பேரும் ஊமைகள். சாப்பிட்டாயா, பன்றி குட்டி போட்டதா, சரி வைக்கட்டுமா. மூன்று நிமிஷத்தைத் தாண்டாது. கையில் ஜாய்ஸ்டிக் இருந்தால்தான் இந்த ஜோடிக்கு வாய் திறக்கும். முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துப் பேசும்போதுதான் புருஷன் பெண்டாட்டி உண்மை பேசுகிறார்கள் என்பது என் கட்சி. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

இன்று பேசியே தீர வேண்டும். இன்னொரு ஏழு மாதம் இருக்கிறாயா, ஊருக்குக் கிளம்புகிறாயா என்று பண்ணை மேஸ்திரி கேட்டிருந்தான். தீவுக் கடிகாரத்துக்கு ஐந்து மணிக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். அவள் வந்துவிட வேண்டும் என்று கெலெப்பிக்கு உள்ளுக்குள் தவிப்பு. ஆனால் கூரை மாற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போனவள். அவள் ஆசைக்குக் குறுக்கே நிற்பானேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு ஓட்ட ஆரம்பித்தார்கள். கால் மணி நேரம் கழித்து அவள், "கெலெப்பி, அந்த மேஸ்திரி கேட்டானே..." என்று தொடங்கினாள். 'டிக்' என்று பெட்டி அணைந்தது.

போன சனிக்கிழமையும் இதே கதைதான். அன்று கரண்ட்டைத் திட்டிவிட்டு விட்டுவிட்டான். இன்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிளக்கை வேறு துளையில் செருகினான். வயரின் இரண்டு முனையையும் பிடுங்கி ஊதி மாட்டினான். பொத்தானைப் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தான். சிடியை எடுத்துச் சட்டையில் துடைத்தான். பெட்டி உயிர் பெற்றது, ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் செத்தது. வேறு வழியில்லாமல் போனை எடுத்தான்.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. நீ என்ன சொல்ற?"

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம் இருக்கட்டும். உன் இஷ்டம்?"

"அதான், உன் இஷ்டம்."

வைத்துவிட்டார்கள். மணி நாலு இருபத்தைந்து.

அடுத்து ஹோப்போவைக் கூப்பிட்டான். ஹோப்போ படகு மோட்டார் மெக்கானிக். ஊரில் பாதி கேம் பெட்டிகளுக்கு வைத்தியம் பார்த்ததும் அவன்தான். கெலெப்பிக்கு இரண்டு கையிலும் வயர், அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

"டேய், பெட்டியத் தொட்டுப் பாரு. சூடா இருக்கா?"

"இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குதுடா."

"மேல எதையாச்சும் போட்டு மூடி வச்சிருக்கியா?"

கெலெப்பி அப்போதுதான் பார்த்தான். பார்த்தான் என்பது சரியில்லை, இரண்டு வாரமாகக் கண்ணெதிரேதான் இருக்கிறது. சிவப்புக் கம்பளியில் பின்னிய சட்டை. மேலே ஆறு ரோஜாப்பூ, சுற்றிலும் கொசுவம், பின்பக்கம் மூன்று பொத்தான். பெட்டியில் காற்றுப் போகும் ஓட்டை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. பின்னியது அவன் அக்கா ஃபாத்தாய். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்து இருப்பவள். டிவிக்கு உறை இருக்கிறது, சுவரில் போட்டோவுக்கெல்லாம் மாலை இருக்கிறது, இது மட்டும் அம்மணமாக உட்கார்ந்திருப்பதா என்று ஆறு நாள் உட்கார்ந்து பின்னி மாட்டிவிட்டாள். அக்கா கொடுத்ததை வேண்டாம் என்று சொன்ன தம்பியை அந்த ஊர் இன்னும் பார்க்கவில்லை.

"ஒரு... சட்டை இருக்கு," என்றான் மெதுவாக.

ஹோப்போ போனே நடுங்கும்படிக் கத்தினான். "எந்தப் புத்திசாலிடா பெட்டிக்குச் சட்டை போட்டது? மூச்சு முட்டிச் சாவுது! கழட்டி வீசு!"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் சமையல் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அக்கா அங்கே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் நின்றுபோனது.

கெலெப்பி கொட்டகைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான். "அட, அதெல்லாம் இல்ல ஹோப்போ! சட்டையால ஒரு கெடுதலும் இல்ல. எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா? பெட்டிதான் பழசு."

போனை அணைத்துவிட்டு, ஒரு பொத்தானைக் கழற்றினான். கை கூசியது. இப்போது கழற்றினால் ஹோப்போ சொன்னது சரி என்று அக்கா முகத்தில் அடித்த மாதிரி. திரும்பப் பூட்டிவிட்டான். பெட்டியை மறுபடி போட்டு, ஓலை விசிறியை எடுத்து இடது கையால் பெட்டிக்கு விசிறினான், வலது கையால் காரை ஓட்டினான்.

"குடிச்சிட்டு ஓட்டுறியா?" என்றாள் லவீனியா. "செவுத்துலயே போய் முட்டுற."

"ஒரு கை வேலையா இருக்கு."

"அப்பிடி என்ன வேல?"

"விசிறிட்டு இருக்கேன்."

"யாருக்கு?"

"பெட்டிக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் அவன் கார் மறுபடியும் சுவரில் மோதியது. பிறகு அவள் குரல் தணிந்தது. "கெலெப்பி, மேஸ்திரி வாசல்ல நிக்கிறான். நான்..."

டிக்.

கெலெப்பி விசிறியும் கையுமாக நின்றான். மணி நாலு நாற்பது. அழுகை வரும்போல இருந்தது, நாற்பத்தாறு வயதில்.

பின்னால் காலடிச் சத்தம். வாசலில் ஃபாத்தாய். அந்த ஊர் வழக்கப்படி அக்கா இருக்கும் அறையில் தம்பி டிவி முன்னால் உட்காருவதில்லை. அதில் எந்த நேரத்தில் எவன் எவளை முத்தமிடுவான் என்று யாருக்குத் தெரியும்? அவன் டிவியைத் தொட்டாலே அவள் கொட்டகைக்குப் போய்விடுவாள். டிவி ஓடும்போது அவளாக உள்ளே வந்தது இதுதான் முதல் தடவை. கெலெப்பி பார்வையைத் தரைக்கு இறக்கினான். அவள் சுவரைப் பார்த்தபடியே வந்து, தேங்காய்ப்பூ ஒட்டிய விரலால் மூன்று பொத்தானையும் அவிழ்த்துச் சட்டையை உருவினாள்.

"அக்கா, அது நல்லாத்தான்..."

"பொய் சொல்லாத தம்பி. சுடு சோறு மாதிரி இருக்கு." சட்டையை ஒரு உதறு உதறினாள். "நீ பேசுறதெல்லாம் எனக்குக் கொட்டகையில கேக்குது. ஏழு மாசமாக் கேக்குறேன். பன்னிக்குட்டி, மழ, கூரை. அவள வான்னு ஒரு வார்த்த நீ சொல்லிக் கேக்கல."

அக்கா தம்பியிடம் பேசுகிற பேச்சு அல்ல அது. இரண்டு பேருக்கும் காது சிவந்துவிட்டது. அவள் சட்டையைச் சுருட்டிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள். சற்று நேரத்தில் தேங்காய் துருவும் சத்தம், வேண்டுமென்றே உரக்கக் கேட்டது.

கெலெப்பி இரண்டு கையாலும் விசிறினான். தொட்டால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பொத்தானை அழுத்தினான். மணி நாலு ஐம்பத்துமூன்று. லவீனியா இன்னும் காத்திருந்தாள். இரண்டு கார்களும் கிளம்பின. பெட்டி சத்தமே போடாமல் ஓடியது. இனி பழிபோட அவனுக்கு எதுவும் மிச்சமில்லை.

"லவீனியா."

"சொல்லு."

"வந்துடு. கூரை ஒழுகினா ஒழுகட்டும். நீ இல்லாம முடியல எனக்கு."

அவளுடைய கார் நட்ட நடு ரோட்டில் நின்றுவிட்டது. கெலெப்பி பெட்டியைத் தொட்டான், வெதுவெதுப்புத்தான். விளக்கு எரிந்தது. மற்ற கார்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"லவீனியா? அங்க பெட்டி நின்னுபோச்சா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பெட்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ரோடு தெரியல." பிறகு வேறு பக்கம் திரும்பி, "மேஸ்திரி! என் பேர அடிச்சிடுங்க, நான் ஊருக்குப் போறேன்," என்று அவள் கத்துவது கேட்டது. திரும்பவும் அவனிடம் வந்தாள். "இந்த ஒரு வார்த்தைக்கு ஏழு மாசமாடா உனக்கு?"

கெலெப்பி தன் காரைத் திருப்பிக் கொண்டுவந்து, அவள் காரை ஒட்டினாற்போல் நிறுத்தினான்.