நுங்கு அட்டை

கிருஷ்ணப்பனுக்குக் கையில் பிரஷ் கிடைத்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். அப்படிப்பட்டவனுக்கு ஒரு முகாமே வாகாக வந்து சேர்ந்தது. பொம்மிடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஏரி தூர்வார என்.எஸ்.எஸ். முகாம் போட்டு, பெங்களூரில் படிக்கிற சூடான், கென்யா மாணவர்களையும் அழைத்திருந்தார்கள். தங்கல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில். வந்தவர்கள் ஒரு மூலையில், கிருஷ்ணப்பனின் கல்லூரிப் பையன்கள் இன்னொரு மூலையில். இங்கிலீஷுக்குப் பயந்து நம்மாட்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதோடு சரி.

கிருஷ்ணப்பன்தான் யோசனை சொன்னான். மாம்பழம், புளியம்பழம், தக்காளி, கடலைக்காய், நுங்கு என்று படம் போட்ட அட்டைகள். கவிழ்த்துப் பிடித்து ஆளுக்கொன்று உருவிக் கொடுப்பது. ஒரே படம் வந்தவர்கள் ஒரு குழு. சேர்ந்து மண் சுமக்க வேண்டும், மத்தியானம் ஊருக்குள் ஒரு வீட்டில் சேர்ந்து சாப்பிட வேண்டும். முகாமை நடத்திய சார் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். பையனுக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் முழுக்க வகுப்புத் தோழன் பச்சியப்பனும் கூட உட்கார்ந்து வர்ணம் தீட்டினான். மாரண்டஹள்ளிப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவன். மூன்று வருஷமாக ஒரே பெஞ்சு.

"நுங்கு என்னமா இருக்குதுடா! தொட்டா வழுக்கிடும் போல. நாளைக்கு எனக்கு இதுதான் வரணும்" என்றான்.

அட்டைகள் காய்வதற்குள் சார் கிருஷ்ணப்பனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஊர்க்காரங்க வந்துட்டுப் போனாங்கப்பா. வெளிநாட்டுப் பசங்க யாரு வந்தாலும் சரியாம். நம்ம காலனிப் பசங்க மட்டும் வூட்டுக்குள்ள வரக் கூடாதாம். அந்த அஞ்சு பேரையும் ஒரே குழுவாப் போட்டுடு, பள்ளிக்கூடத்துலயே சாப்ட்டுக்கட்டும். வெளிய தெரியாமப் பண்ணு. இல்லன்னா நாளைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்."

வாய் என்று ஒன்று இருந்ததே, "மாட்டேன் சார்" என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. முகாம் நின்றுபோனால் தன் அட்டைகளை யார் பார்ப்பார்கள் என்பதுதான் அவன் கவலை. "சரிங்க சார்" என்றான். அதோடு விட்டானா? அந்த ஐந்து பேருக்கும் நுங்கையே கொடுத்துவிடலாம், பச்சியப்பன் ஆசைப்பட்டுக் கேட்டதுதானே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான். அடப்பாவி!

காலையில் அட்டைகளைக் கட்டாகக் கவிழ்த்துப் பிடித்து, மற்றவர்களுக்கு மேலிருந்தும் அந்த ஐவருக்கு அடியிலிருந்தும் உருவிக் கொடுத்தான். பச்சியப்பன் தன்னுடையதைத் திருப்பிப் பார்த்துக் குதித்தான்.

"டேய், வந்துடுச்சுடா! நுங்கு யாரு? நுங்கெல்லாம் இங்க வாங்க!"

வந்தார்கள். ஒருவன் பின் ஒருவனாக, நான்கு பேரும் அவனைப் போலவே காலனியிலிருந்து வந்த ஹாஸ்டல்காரர்கள். பச்சியப்பன் அவர்கள் முகங்களைப் பார்த்தான். பிறகு கிருஷ்ணப்பனைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. கிருஷ்ணப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாம்பழ அட்டை வாங்கிய இத்ரீஸ் என்ற சூடான்காரன் வந்து, உங்கள் குழுவில் மட்டும் எங்கள் ஆள் ஒருவரும் இல்லையே, ஏன் என்று இங்கிலீஷில் கேட்டான். கிருஷ்ணப்பன் அங்கிருந்து நழுவப் பார்த்தான். பச்சியப்பனோ நிதானமாக, தெரிந்த இங்கிலீஷில், "நாங்கள் ஒரே ஹாஸ்டல். நாங்களேதான் கேட்டு வாங்கினோம்" என்றான்.

காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கிருஷ்ணப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மண்வெட்டியோடு போனவனை ஏரிக்கரையில் ஓடிப் பிடித்தான்.

"பச்சி, நானும் உங்ககூடவே வந்துடறேன்டா."

"எதுக்கு? எங்ககூட உக்காந்து தின்னா உன் மனசு ஆறிடும், அதானே? உனக்கு மாம்பழம் வந்திருக்குது. போய்ச் சாப்புடு போ."

மத்தியானம் மாம்பழக் குழு செல்லம்மாள் என்பவள் வீட்டில் இலை முன் உட்கார்ந்தது. மனம் கோணாத பொம்பளை. இத்ரீஸின் இலையில் குழம்பை ஊற்றி ஊற்றி, "எந்தச் சீமைப் புள்ளையோ, நம்ம வூட்ல கை நனைக்குது பாரு!" என்று பூரித்துப் போனாள். இத்ரீஸ் கிருஷ்ணப்பன் பக்கம் சாய்ந்து, எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தது உன் அட்டைதான் என்று பாராட்டினான். கிருஷ்ணப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் செல்லம்மாள் கரண்டியோடு நின்றாள்.

"ஏந்தம்பி, எல்லாரும் வந்துட்டாங்களா? யாராச்சும் விட்டுப் போயிருந்தா போய்க் கூட்டிக்கிட்டு வா. சோறு கெடக்குது."

வாசல் திறந்துதான் இருந்தது. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். இத்ரீஸும் என்ன கேட்கிறாள் என்று அவன் முகத்தையே பார்த்தான்.

"எல்லாரும் வந்துட்டோங்க" என்றான் கிருஷ்ணப்பன்.