நீல வலை

பொழுது விடிவதற்குள் சுவர்க்காரி எட்டுத் தெருக்களை நடந்து முடித்திருந்தாள். நிஜத்தில் அவள் கால் பட்டதெல்லாம் ஒரு ரப்பர் பாய் மட்டும்தான். தெருக்கள் ஹெட்செட்டுக்குள் இருந்தன. அரைக் கிலோ எடை நெற்றியை அழுத்த, யார் யாரோ மாட்டிக் கழற்றிய வியர்வை நாற்றம் மூக்கில் ஏற, அவள் வீடு வீடாகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தாள். சுவர் தடுத்தால் சரி. ஆளை உள்ளே விட்டுவிட்டால் அது பிழை, எழுதி அனுப்ப வேண்டும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

எங்கெங்கோ இருப்பவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உலாவுகிற இணைய ஊர் அது. அதற்குப் புது அப்டேட் வந்தால், மக்கள் கைக்குப் போகும் முன்னால் இந்த மாடியில் உள்ள ஆறு பேர் அதற்குள் நடந்து, ஓடி, பாலத்திலிருந்து குதித்துப் பார்க்க வேண்டும். வேலை காலை நாலரைக்கே தொடங்கிவிடும். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. பத்து மணிக்கெல்லாம் யாருக்காவது குமட்டும். அதற்கென்றே மூலையில் ஒரு வாளி.

இந்த முறை அவளைப் பாடாய்ப் படுத்தியது நீல வலை. ஹெட்செட் மாட்டியவருக்கு அறை தெரியாது. நிஜச் சுவரை நெருங்கினால் கண்முன் நீல நிறத்தில் ஒரு வலை எழுந்து நிறுத்தும். புது அப்டேட்டில் அது தாமதமாக எழுந்தது. எப்போதும் அல்ல, சில சமயம் மட்டும். நாலு முறை எழுதி அனுப்பினாள். நாலு முறையும், அந்த ஊரை நடத்தி இவர்களுக்கு வேலை தருகிற கம்பெனியிலிருந்து ஒரே பதில்: "எங்கள் சோதனையில் அப்படி வரவில்லை. புகார் மூடப்பட்டது."

"நான் என்ன கனவா கண்டேன்?" என்று அன்று காலையும் பொருமினாள்.

"செவுத்துக்கிட்ட பேசற மாதிரிதான்," என்றாள் டீச்சர். ஒரு காலத்தில் பள்ளியில் கணக்கு நடத்தியவள், இப்போது இங்கே அறிக்கைகளை எழுதுகிறவள். "அதுக்கு உன்னை விட்டா வேற ஆள் ஏது?"

வழக்கமாகத் தனித்தனியாகவோ இரண்டிரண்டு பேராகவோதான் சோதிப்பார்கள். பகல் பன்னிரண்டுக்குள் ஒப்புதல் போக வேண்டும் என்ற அவசரத்தில், முதலாளி அன்று ஆறு பேரையும் ஒன்றாகப் புதுச் சந்தைத் திடலுக்குள் போகச் சொன்னார். சுவர்க்காரி, டீச்சர், மாமன், அவன் மனைவியின் தம்பியான மச்சான், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான புதுசு, பிறகு நெட்டை. திடலில் ஓடிப் பார்ப்பது நெட்டையின் பங்கு.

ஓடினான். மூன்றாவது எட்டில் 'மட்' என்று ஒரு சத்தம். எல்லோரும் ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்தபோது அவன் தூணடியில் கிடந்தான். நெற்றி பிளந்திருந்தது. வலது மணிக்கட்டு பார்க்கவே கூசும்படி மடங்கியிருந்தது.

"வலை வரவே இல்லக்கா," என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

மச்சான் அவனைத் தோளில் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அவன் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினான். அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"பார்த்து ஓடக் கூடாதா? சின்னப் பிள்ளையா அவன்?"

"கண்ணை மூடிவிட்டு ஓடச் சொன்னது நாமதானே சார்," என்றாள் சுவர்க்காரி.

"சரி, சரி. பன்னெண்டுக்குள்ள அவங்கவங்க பேர்ல 'சோதித்தேன், பாதுகாப்பானது'ங்கற பட்டனை அழுத்திடுங்க. நெட்டைக்கு நான் அழுத்திக்கறேன்."

"அப்படின்னா அவன் தானா விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டான்னு ஆயிடுமே சார்!"

"வேற எங்கயும் வராத பிழை உங்களுக்கு மட்டும் எப்படிம்மா வரும்? பிடிக்கலன்னா சொல்லுங்க. இந்த வேலைக்கு வெளியில ஆள் வரிசையில நிக்குது." கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுவர்க்காரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரைப் பிடித்து உலுக்குவது என்றுகூடத் தெரியவில்லை. டீச்சர் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் பயமா இருக்கு. போன வேலையை வாயாலதான் தொலைச்சேன்." சொல்லிக்கொண்டே பழைய அறிக்கைகளைப் புரட்டியவள் சட்டென்று நிமிர்ந்தாள். "இங்க பாரு. நாலு தடவையும் நீ தனியா இல்ல. கூட ஒருத்தர் இருந்திருக்காங்க. இன்னிக்கு ஆறு பேர்."

மேசையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டாள்.

சுவர்க்காரி முதலில் தனியாகத் திடலுக்குள் போனாள். சுவரை நோக்கி நடந்தாள், வலை எழுந்ததும் நின்றாள். அவள் கால் விரல் இருந்த இடத்தில் டீச்சர் ஒரு கோடு கிழித்தாள். சுவரிலிருந்து மூன்று சாண். புதுசும் உள்ளே வந்தாள். இரண்டு சாண். மாமன் வந்தான். ஒன்று. மச்சான் நெட்டையின் ஹெட்செட்டிலிருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டான். இந்த முறை சுவர்க்காரியின் முழங்கால் சுவரில் இடித்த பிறகுதான் நீலம் எழுந்தது. மூன்று தடவை செய்து பார்த்தார்கள். மூன்று தடவையும் கோடுகள் அதே இடத்தில் விழுந்தன.

"அங்க கம்பெனியில ஒத்தை ஆளை விட்டுப் பார்த்துட்டு வரலைங்கறானுங்க," என்றான் மாமன். "சந்தைக்கு எவன்யா தனியாப் போவான்?"

டீச்சர் கையிலிருந்த தூசியைத் தட்டவே இல்லை. "பிள்ளைங்க கூட்டமா ஓடி விளையாடற இடம் இது. எத்தனை வீட்டுல மாடிப்படி இருக்கும்! நான் அழுத்த மாட்டேன்."

பதினொன்றரைக்கு முதலாளி வந்து தரையைப் பார்த்தார்.

"இதை யார் பண்ணச் சொன்னா?"

"எங்க வேலையே இதுதானே சார்," என்றாள் சுவர்க்காரி.

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? நான் வாயைத் திறந்தா கம்பெனிக்காரன் வேலையையே வேற ஊருக்குத் தூக்கிடுவான்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "ஒவ்வொருத்தரா என் ரூமுக்கு வாங்க, பேசலாம். மொதல்ல புதுசு."

புதுசு எழுந்தாள். இரண்டடி வைத்தாள், நின்றாள். "தனியா வர மாட்டேன் சார்."

"அதானே," என்று மச்சான் பாயை விட்டு எழுந்தான்.

ஐந்து பேரும் உள்ளே போனார்கள். இரண்டு பேர் நிற்கிற அறை அது. கதவைச் சாத்த முடியவில்லை. மாமனின் முழங்கை அலமாரியில் இடித்தது. முதலாளி நாற்காலியோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்.

"அழுத்த மாட்டீங்க?"

"மாட்டோம் சார். வலையைச் சரி பண்ணட்டும். நெட்டை எப்படி விழுந்தான்னு உள்ளதை எழுதட்டும். அதுக்கப்புறம் அழுத்தறோம்," என்றாள் சுவர்க்காரி.

"எல்லார் வேலையும் போகும்."

"போகலாம்," என்றாள் டீச்சர்.

முதலாளி ஐந்து முகங்களையும் பார்த்தார். வேலை தருகிற கம்பெனியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேசை நடுவில் தள்ளினார். "என் வாயால சொல்ல மாட்டேன். உங்க பாடு, அவங்க பாடு."

மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சலிப்பான ஒரு குரல் கேட்டது: "ஒப்புதல் இன்னும் வரலையே? யார் பேசறது?"

சுவர்க்காரி மேசை மேல் குனிந்தாள்.

"அஞ்சு பேர் பேசறோம் சார். ஆறாவது ஆளு ஆஸ்பத்திரியில இருக்காரு. கொஞ்சம் நேரமாகும், மொதல்ல இருந்து சொல்றோம்."